நான் கட்டுகிற வூலி பக்கர் தூண்டில் ஃப்ளை இரண்டு மீனுக்கு மேல் தாங்குவதில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

காவிரிக்கரை:

வணக்கம். சொந்த ஊர் திருச்சி. பென்சில்வேனியாவில் மெக்கானிக்ஸ்பர்க்கில் நாலு வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் யெல்லோ ப்ரீச்சஸ் ஓடைக்கு ஒரு நாள் ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் என்னை வீட்டில் பார்க்க முடியாது.

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்கிற பொய் இரைதான் ஃப்ளை; அதில் தண்ணீருக்குள் இழுக்கிற வகை ஸ்ட்ரீமர். கடையில் ஸ்ட்ரீமர் ஒன்றுக்கு மூன்று, நான்கு டாலர். வாரம் தவறாமல் கரையோர மரங்களுக்கு ஐந்தாறு மொய் வைத்துவிட்டு வருகிறேன். "நீயே கட்டிக்கொண்டால் மிச்சமாகுமே" என்றாள் மனைவி. வைஸ் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி), பாபின் (நூல் கண்டு மாட்டுகிற பிடி), இறகு எல்லாம் சேர்ந்த கிட் ஒன்று வாங்கினேன். இதுவரை எவ்வளவு மிச்சமானது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கட்டுவது வூலி பக்கர் என்கிற ஸ்ட்ரீமர் மட்டும்தான். 8-ஆம் நம்பர் நீளத்தண்டு முள், தலையில் தங்க நிற பீட் (உலோக மணி), ஆலிவ் நிறத்தில் மாரபூ என்ற மெல்லிய இறகில் வால், அதே நிறத்தில் செனில் என்ற பஞ்சு பொங்கிய நூலில் உடம்பு, உடம்பைச் சுற்றிக் கறுப்பு வெள்ளை வரி போட்ட சேவல் இறகு, அதன்மேல் செம்புக் கம்பி. மேசையில் வைத்துப் பார்த்தால் கடைச் சரக்குக்கு ஒன்றும் குறைவில்லை. தண்ணீருக்குள் போனதும்தான் வண்டவாளம் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை உட்கார்ந்து ஒன்பது கட்டினேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியில் மூன்றுதான் இருந்தது. பதினான்கு அங்குலம் இருக்கும், நல்ல ப்ரவுன் ட்ரவுட் ஒன்று மாட்டியது. வாயிலிருந்து முள்ளை எடுத்தால் இறகுத் தண்டு நடுவில் அறுந்து, கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாகத் தொங்குகிறது. உரித்த கோழி போல இருந்தது. இன்னொன்றில் உடம்பே தண்டைச் சுற்றி உருண்டது, விரலால் தள்ளினால் ராட்டினம் போல் சுற்றுகிறது. நாலு வீச்சுக்கு ஒரு முறை வால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறது. ஒன்றிரண்டில் தலைப்பக்கம் நூல் மண்டி, முள்ளின் காதுக்குள் தூண்டில் நரம்பே நுழையவில்லை.

கம்பி போடாததால் அறுகிறது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். போடுகிறேன். ஒரு வீடியோவில் இறகை பீடுக்குப் பின்னால் கட்டி, வால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் உறுதி என்றார்கள், அப்படியே செய்கிறேன். இன்னொரு வீடியோவில் கம்பியை எப்போதும் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்றார்கள், அதையும் செய்கிறேன். ஆனாலும் அறுகிறது. கிட்டில் வந்த நூல் மெல்லியது, கொஞ்சம் இழுத்தாலே அறுந்துவிடுவதால் பதமாகத்தான் சுற்றுகிறேன்.

வைஸை மாற்ற வேண்டுமா? இல்லை, வேறு மாதிரி ஃப்ளைக்குப் போய்விடலாமா?

நெய்தல்:

தம்பி, டொராண்டோவில இருந்து எழுதுறன். நாங்கள் ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில நிக்கிற ஆக்கள். ஷாண்ட் அணைக்குக் கீழே அடித்தண்ணி குளிராக வருகிறபடியால் அங்கே ப்ரவுன் ட்ரவுட் நல்லா நிக்கும்.

உங்கட வால் பிரச்சினை எனக்கு ரெண்டு சீசன் இருந்தது. மாரபூவை உலர்ந்தபடி வைச்சு அளக்காதேங்கோ. நாக்கில விரலை வைச்சு ஈரமாக்கித் தடவிப்போட்டு அளவுங்கோ. உலர்ந்து பொங்கி நிக்கேக்க கட்டையாகத் தெரியிற வால், நனைஞ்சால் முள்ளின்ர தண்டைப்போல ஒண்டரை மடங்கு நீளமாக நிக்கும், அதுதான் சுத்துது. தண்டு எவ்வளவு நீளமோ வாலும் அவ்வளவுதான். கூடினதைக் கத்திரியால வெட்டாதேங்கோ. நகத்தால கிள்ளி விடுங்கோ. வெட்டின வால் தூரிகை மாதிரி மொட்டையாக நிக்கும், ஆடாது.

அதுக்குப் பிறகும் சுத்தினால், இருபது இறாத்தல் நைலோன் நரம்பில சின்ன வளையம் ஒண்டு செய்து, வாலுக்குக் கீழே முள்ளின் வளைவுக்கு மேலே நிக்கிற மாதிரிக் கட்டிவிடுங்கோ. வால் அதில ஏறிப் படுத்திருக்கும்.

இறகு ஏன் அறுகுது எண்டது எனக்கும் விளங்கேல்லை. கம்பி போட்டும் அறுகிறது எண்டால் மீனின்ர பல்லில குற்றம் சொல்லேலாது. தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லட்டும்.

தறிக்காரர் மகன்:

தம்பி, நான் கார்லைலில் இருக்கிறேன், உங்களுக்கு அரைமணி நேரத்துக்குள்தான். லெடார்ட் ஓடை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வைஸை மாற்றாதீர்கள், ஃப்ளையையும் மாற்றாதீர்கள். இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு வூலி பக்கரை விட்டுப் போவது திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வா வேண்டாம் என்பது போல. 1967-ல் ரஸ்ஸல் ப்ளெஸ்ஸிங் என்பவர் இதே பென்சில்வேனியாவில் கட்டியது அது. கல்லுக்கடியில் கிடக்கும் ஹெல்கிரமைட் என்ற கறுத்த புழுவை நினைத்துக் கட்டினார். ட்ரவுட் அதை அட்டை என்று நினைக்கிறதா, லெடார்ட் அடியில் கிடக்கும் ஸ்கல்பின் என்ற சின்ன மீனின் குஞ்சு என்று நினைக்கிறதா, நமக்குத் தெரியாது. எதுவாக நினைத்தாலும் கடிக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இரண்டு வீடியோ பார்த்தேன் என்றீர்களே, இரண்டும் சரி. இரண்டையும் சேர்த்ததுதான் தப்பு.

சென்னிமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு குழித்தறி. எனக்கு ஏழு வயதில் கொடுத்த வேலை ராட்டையில் தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைக் குச்சியில் ஏற்றுவது. ராட்டை ஒரே பக்கம்தான் சுற்றும். கை மட்டும் நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தும். அந்தப் பக்கம் போகிறபோது விழுந்த நூலின்மேல் இந்தப் பக்கம் வருகிறபோது விழும் நூல் குறுக்கே விழும். திசையை மாற்றிச் சுற்றவில்லை, நகரும் பக்கம்தான் மாறியது. அதற்கே நூல் ஒன்றை ஒன்று குறுக்காகக் கடந்துகொண்டு போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஃப்ளைக்கு வாருங்கள். இறகை பீட் பக்கத்தில் கட்டி வாலை நோக்கிச் சுற்றுகிறீர்கள். கம்பி வாலில் இருந்து பீடை நோக்கி வருகிறது. நகரும் பக்கம் ஏற்கெனவே மாறிவிட்டது. அதனால் கம்பியையும் இறகைச் சுற்றிய அதே திசையில், அதாவது மேலே போய் உங்களிடமிருந்து விலகி இறங்குகிற மாதிரி சுற்றினாலே போதும், இறகுத் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கே பிடிக்கும். நீங்கள் அதற்கு மேல் 'எதிர்த் திசை' என்று கையையும் மாற்றிவிட்டீர்கள். இரண்டு தடவை மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். உங்கள் கம்பி இறகுத் தண்டுக்குப் பக்கத்திலேயே, அதே சாய்வில், ஒரு இடத்தில்கூட அதைத் தொடாமல் கடைசிவரை போகிறது. பாவும் ஊடையும் குறுக்கே போனால்தான் துணி. பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தால் அது வெறும் நூல்.

எதிர்த் திசைக் கம்பி என்பது இன்னொரு முறைக்குச் சொன்னது. அதில் இறகை வால் பக்கம் நுனியைக் கட்டி, முன்னால் பீடுவரை சுற்றிக்கொண்டு வருவார்கள். இறகும் முன்னால், கம்பியும் முன்னால். அப்போது கையை மாற்றினால்தான் குறுக்கே விழும். நான் உங்கள் முதல் வீடியோ முறையைத்தான் செய்கிறேன். இறகின் நுனிதான் மெல்லிசு, அது வாலடியில் கம்பிக்குள் மாட்டிக்கொண்டுவிடும், பல் படுவது குறைவு.

நம்பிக்கை இல்லையென்றால் பென்சில் ஒன்று, இரண்டு நிறத்தில் நூல் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். கட்டிக்கொண்டே யோசித்தால் புரியாது. எனக்கும் புரியவில்லை. தார்க்குச்சி நினைவுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. அதற்குள் நான் எத்தனை இறகை வீணாக்கினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

கம்பி சுற்றும்போது இன்னொன்று. நேராக இழுத்துச் சுற்றினால் இறகின் இழைகள் கம்பிக்கடியில் படுத்துப்போகும். ஊசியைத் துணிக்குள் நுழைக்கிற மாதிரி இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இழைகளுக்கிடையில் இறக்குங்கள். ஐந்து அல்லது ஆறு சுற்று போதும். கடைசியில் கம்பியைக் கத்திரியால் வெட்டாதீர்கள், கத்திரி கெட்டுப்போகும். நூலால் நாலு சுற்று இறுக்கிவிட்டு, கம்பியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள், அடியோடு தானே முறியும்.

இனி உருளுகிற உடம்பு. அது நூல் விஷயம், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டில் வந்த நூல் 70 டெனியராக இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். பழைய கணக்கில் 6/0, 8/0 என்று எழுதியிருப்பார்கள், அங்கே எண் கூடினால் நூல் மெல்லிசு. நம் ஊரில் 40-ஆம் நம்பர் நூலைவிட 60-ஆம் நம்பர் மெல்லிசு இல்லையா, அது மாதிரி. முள்ளுக்கும் இதே தலைகீழ்க் கணக்குதான், 8-ஐவிட 10 சிறியது. ஸ்ட்ரீமருக்கு 140 டெனியர், அல்லது 6/0 வாங்குங்கள். 70 டெனியர் கொசு அளவு ஃப்ளைக்கு இருக்கட்டும்.

புது நூல் வந்ததும் உடனே கட்ட உட்காராதீர்கள். வெறும் முள்ளில் நாலு சுற்று போட்டுவிட்டு, அறுகிறவரை இழுங்கள். மறுபடி சுற்றி, மறுபடி அறுங்கள். நாலைந்து தடவை அறுத்தபிறகு எவ்வளவு இழுத்தால் அறும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அதற்கு ஒரு மயிரிழை குறைவாக எப்போதும் இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். அப்பா பாவில் இழை அறுந்தால் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார், கையைத் தறியில் வைத்துக்கொண்டே சத்தத்தில் கண்டுபிடிப்பார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் 'பதமாகத்தான் சுற்றுகிறேன்' என்று நீங்கள் எழுதிய வரியில்தான் உங்கள் உடம்பு உருளுகிறது.

முள்ளின் தண்டு வழவழப்பான எஃகு. அதன்மேல் நேரடியாகச் செனிலைச் சுற்றினால் உருளாமல் என்ன செய்யும்? முதலில் ஈயம் கலக்காத எடைக்கம்பி, 0.020 அங்குலம், பத்துச் சுற்று. அதை விரலால் தள்ளி பீடின் பின்பக்கக் குழிக்குள் ஏற்றிவிடுங்கள், பீட் ஆடாமல் நிற்கும். அப்புறம் நூல். கம்பிக்கு மேலும், கம்பிக்குப் பின்னால் வெறும் தண்டிலும், சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாக, இடைவெளி விடாமல் வால்வரை. அதன்மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக் மாதிரிப் பசை. ஒரே சொட்டு. வால் பக்கம் போக விடாதீர்கள், மாரபூவில் ஏறினால் அது குச்சியாகிவிடும், அப்புறம் எந்த ஜென்மத்திலும் ஆடாது.

பசை காய்வதற்குள் வால். மாரபூ என்பது பேர்தான் மாரபூ. முன்பு ஆப்பிரிக்க மாரபூ நாரையின் இறகு, இப்போது வருவதெல்லாம் வான்கோழி. ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். நிறுத்தாமல் எடுத்து, மறுநாள் ரசத்தில் ஆலிவ் நிறத்தில் ஏதோ மிதந்ததில் எனக்கு ஒரு வாரம் சாப்பாட்டுப் பேச்சு கிடைத்தது. வால் நீளம் பற்றி நெய்தல் அக்கா சொன்னது சரி, நான் சேர்ப்பது ஒன்றுதான். வாலின் அடிப்பகுதியை வளைவுக்கு மேலேயே வெட்டிவிடாதீர்கள். தண்டு முழுக்க முன்னால் நீட்டிப் படுக்கவைத்து, எடைக்கம்பி முடிகிற இடம்வரை நூலால் கட்டிக்கொண்டு வந்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் மேடு வராது, செனில் சமமாக உட்காரும், வாலைப் பிடித்து இழுத்தாலும் கையோடு வராது.

செனிலின் முனையில் அரை சென்டிமீட்டர் பஞ்சை நகத்தால் உருவிவிட்டால் உள்ளே வெறும் நூல் தெரியும். அந்த நூலைத்தான் கட்ட வேண்டும். பஞ்சோடு சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கு வாலடியில் ஒரு கொண்டை வரும். கம்பியையும் அங்கேயே வாலடியில் கட்டி வைத்துவிடுங்கள், கடைசியில்தான் தேவை.

தலை மண்டுவதற்கு மருந்து கிடையாது, இடம் விட வேண்டும், அவ்வளவுதான். செனிலை பீடுக்கு முட்டச் சுற்றாதீர்கள். ஒரு சுற்று அளவு இடம் விட்டு நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் இறகு, கம்பி, முடிச்சு மூன்றும் குடித்தனம் நடத்த வேண்டும். முடிச்சு ஐந்து சுற்று, பிறகு இன்னொரு ஐந்து சுற்று. மேலே நெயில் பாலிஷ் நிறமில்லாதது போதும்.

கட்டி முடித்ததும் மூன்று சோதனை. உடம்பை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். வாலைப் பிடித்து இழுங்கள். பக்கெட் தண்ணீரில் போட்டு நரம்பால் இழுத்துப் பாருங்கள், பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு வந்தால் எங்கோ ஒரு பக்கம் அதிகமாகிவிட்டது. எதிலாவது தோற்றால் பிளேடால் அறுத்து முள்ளையும் பீடையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையில் தோற்பதைவிட மேசையில் தோற்பது மலிவு.

ராத்திரி ஒரு மணிவரை உட்காராதீர்கள். ஒரே நிறத்தில், ஒரே அளவில் பன்னிரண்டு கட்டுங்கள், நாளைக்கு மூன்று வீதம் நாலு நாள்.

குந்தா:

ஊட்டிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். தறிக்காரர் ஐயா சொன்ன திசைக் கணக்கை மூன்று தடவை படித்தேன், பிறகு வீட்டில் மெழுகுவத்தியை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். சரிதான். பதினைந்து வருஷமாக நான் தப்பாகச் சுற்றியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. மீனும் சொல்லவில்லை.

இங்கே ஸ்ட்ரீமர் சாமான் கடையில் கிடைக்காது. எங்கள் ட்ரவுட் எல்லாம் வில்சன் என்ற துரை கொண்டுவந்து விட்டதன் வாரிசு. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கிற பண்ணை தொடங்கியது. மீன் வந்தது, கடை வரவில்லை. அதனால் சாமானுக்கு எங்கள் வழி வேறு. செம்புக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போய் 36 கேஜ் கேளுங்கள், சுமார் 0.19 மில்லிமீட்டர். துண்டுக் கம்பி சும்மாவே கொடுப்பார்கள். செனிலுக்குப் பதிலாக ஸ்வெட்டர் பின்னுகிற கம்பளி நூல். தேன்கூட்டு நிறமும் பாசி நிறமும் இரண்டு உருண்டை இருந்தால் ஆயுசுக்கும் போதும். கம்பளி தண்ணீரைக் குடித்துவிடும், முதல் இரண்டு வீச்சு கனமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

இறகுக்கு நாட்டுச் சேவல். கழுத்து இறகு குட்டை, பாதி உடம்பில் தீர்ந்துவிடும். இடுப்புக்கு மேல், வாலுக்கு முன்னால் தொங்குமே, அது நீளம். எங்கள் சேவலுக்கு அதுவும் போதாது, இரண்டு இறகு சேர்த்துக் கட்டுவேன். கறிக்கடைக்காரர் எதற்கு என்று கேட்கிறார், சொன்னால் சிரிக்கிறார், ஆனால் எடுத்து வைக்கிறார்.

காட்டுக்கோழி இறகை மட்டும் யாரும் எடுக்காதீர்கள், கீழே கிடந்தாலும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற அம்மா 1924-ல் ஒரு ஸ்ட்ரீமர் கட்டி ஆறே முக்கால் பவுண்டுக்கு மேல் ப்ரூக் ட்ரவுட் பிடித்தார். வைஸ் இல்லாமல் வெறும் கையிலேயே கட்டுவாராம். அவருடைய கிரே கோஸ்ட் ஃப்ளையின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி மாதிரி மினுங்குவது நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. வெளிநாட்டுக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் நம் மலைக் கோழியைக் கட்டி மீன் பிடித்திருக்கிறார்கள். இப்போது 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. பழைய பங்களாக்களில் யாராவது பெட்டியில் வைத்திருந்து ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் தறிக்காரர் ஐயாவோடு எனக்கு ஒத்துப்போகாது. தோற்ற ஃப்ளையை அறுத்துவிடச் சொல்கிறார். பாதி பிய்ந்ததுதான் எங்கள் ஓடையில் நன்றாகப் பிடிக்கிறது. வால் மெலிந்து, இறகு அங்கங்கே உதிர்ந்தபிறகுதான் அதற்கு உயிர் வருகிறது.

தறிக்காரர் மகன்:

குந்தா, பிய்வது வேறு, பிரிவது வேறு. பிய்ந்ததை நானும் வைத்துக்கொள்வேன். தொப்பியில் நாலு இருக்கிறது. பிரிந்தது மீனின் வாயிலிருந்து வெறும் முள்ளாகத்தான் வரும். மோட்டார் காயில் கடை யோசனை பிரமாதம். இங்கே அதே கம்பி ஒரு சின்னக் கண்டில் மூன்று டாலர்.

காவிரிக்கரை:

அண்ணா, பென்சில் சோதனை செய்தேன். மகளின் கைவேலைப் பெட்டியிலிருந்து சிவப்பு, மஞ்சள் கம்பளி. இறகு மாதிரி சிவப்பை வலமிருந்து இடமாகச் சுற்றினேன். பிறகு என் வழக்கப்படி மஞ்சளை 'எதிர்த் திசையில்' இடமிருந்து வலமாக. ரெண்டும் சேர்ந்து பார்பர் கடைக் கம்பம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் போகிறது! ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை. அப்புறம் திசையை மாற்றாமல் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கல் குறி. மகள் "அப்பா, இது ஸ்கூல் ப்ராஜெக்டா?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பழைய ஃப்ளை ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே கம்பி இறகுத் தண்டுக்குப் பக்கத்தில், செனிலின் பள்ளத்தில், நிம்மதியாகப் படுத்திருக்கிறது.

140 டெனியர் நூல் வந்துவிட்டது. ஏழு தடவை அறுத்தேன், ஏழாவது தடவைதான் எப்போது அறும் என்று முன்கூட்டித் தெரிந்தது. இரண்டு சந்தேகம். முள் நுனிக்குப் பின்னால் இருக்கிற எதிர்முள்ளை நசுக்கிவிடலாமா? டங்ஸ்டன் பீட் வாங்கட்டுமா, பித்தளையே போதுமா?

தறிக்காரர் மகன்:

நசுக்குங்கள். கட்டத் தொடங்குவதற்கு முன்பே பிளையரால் நசுக்கிவிடுங்கள், கடைசியில் நசுக்கி முள் முறிந்தால் கட்டியது எல்லாம் வீண். பாய்லிங் ஸ்ப்ரிங்ஸில் ஏரிக்குக் கீழே இருக்கிற பகுதியில் பிடித்ததை எல்லாம் திரும்ப விட்டாக வேண்டும், வாயைக் கிழிக்காமல் எடுக்கலாம். உங்கள் காதிலோ கழுத்திலோ மாட்டும் நாளும் ஒன்று வரும், அன்றைக்கு என்னை வாழ்த்துவீர்கள்.

பீட் பித்தளையே போதும். டங்ஸ்டன் அதைவிட இரண்டு மடங்கு கனம், விலையும் அப்படி. யெல்லோ ப்ரீச்சஸ் இடுப்பளவுத் தண்ணீர், டங்ஸ்டன் போட்டால் அடியில் கல்லையும் பாசியையும்தான் பிடிப்பீர்கள். சஸ்குவேகன்னா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்கு ஆழத்தில் இறக்க வேண்டுமானால் வாங்குங்கள். அங்கே போவதாக இருந்தால் பாப் க்ளவ்ஸரின் மின்னோ என்ற ஃப்ளையையும் ஒருநாள் கட்டிப் பாருங்கள், அதுவும் இந்த ஆற்றுக்காரர் கட்டியதுதான். முதலில் இந்தப் பன்னிரண்டை முடியுங்கள்.

காவிரிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பன்னிரண்டு கட்டினேன். முதல் மூன்றைப் பிளேடால் அறுத்தேன், இரண்டில் உடம்பு உருண்டது, ஒன்றில் வாலே கையோடு வந்தது. ஆறாவது கட்டும்போது செனில் சுற்றுகிற கை தானாகவே ஒரு சுற்று இடம் விட்டு நின்றது. நான் நிறுத்தவில்லை, கை நிறுத்தியது. ஒன்பதாவதை மனைவியிடம் காட்டினேன். "கம்பளிப்பூச்சி" என்று சொல்லிவிட்டுத் தள்ளி வைத்தாள்.

போன சனிக்கிழமை ஒரே ஃப்ளையோடு நின்றேன். ஆறரை மணிக்கு நரம்பில் கட்டியதைப் பத்தரைவரை மாற்றவில்லை. குறுக்கே வீசி, கீழே ஓடவிட்டு, கடைசியில் அது வளைந்து திரும்புகிற இடத்தில் ஒரு சாண் ஒரு சாணாக இழுத்தேன். ஏழு மீன். ஆறு ப்ரவுன், ஒரு ரெயின்போ. மூன்றாவது மீனுக்குப் பிறகு வெளியே எடுத்துப் பார்த்தால் இறகின் இழைகள் பாதி இல்லை, ஆனால் தண்டு ஒவ்வொரு கம்பிக்கடியிலும் அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில் அறுந்துதான் இருந்தது. அறுந்த முனை இரண்டு கம்பிக்கு நடுவில் நிற்கிறது, அதற்கு மேல் பிரியவில்லை. வால் பாதியாகிவிட்டது. குந்தா சொன்னது சரி, பாதியான பிறகுதான் பெரிய மீன் இரண்டும் வந்தன.

ஏழாவது மீனை விட்டுவிட்டு, சந்தோஷத்தில் பின்னால் பார்க்காமல் வீசினேன். சிக்கமோர் மரம். நரம்பு அறுந்தது, ஃப்ளை அறவில்லை. தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில், பட்டை உரிந்த வெள்ளைக் கிளையில், காற்றில் வாலை ஆட்டிக்கொண்டு தொங்குகிறது.

நெய்தல்:

வால் சுத்தேல்லை எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லையே தம்பி.

காவிரிக்கரை:

சுற்றவே இல்லை அக்கா. வளையம்கூடத் தேவைப்படவில்லை.

தறிக்காரர் மகன்:

நாளை மறுநாள் அந்தப் பக்கம் போகிறேன், காரில் தொரட்டி மாதிரி நீளக் கம்பு ஒன்று இருக்கிறது. எந்த மரம்?

காவிரிக்கரை:

ஏரியிலிருந்து தண்ணீர் வந்து ஓடையில் சேருகிற இடத்துக்குக் கீழே, இடது கரையில் இரண்டாவது மரம். தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கிளை. பழைய கடை ஃப்ளை நாலும் அதில்தான் இருக்கின்றன அண்ணா, முடிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.